ஏழாவது கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில்

அக்கா,

வக்கீல் வேண்டும் என்று கூப்பிட்டதால் நேற்றுக் காலை திருப்பதியில் ஒரு கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். சாமியானாத் துணியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. விடியற்காலையில் எரிந்து, தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தது. நனைந்த கரியின் வாடை தொண்டையில் இறங்கியதும் எனக்குத் திருப்பதி மறந்துபோனது. புத்தலப்பட்டு ரோட்டில் இருக்கும் உங்கள் மாங்கூழ் ஆலைதான் கண்முன் வந்து நின்றது.

கிடங்குக்காரரின் மனைவி ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் பூசணிக்காயோடு உள்ளே காலை எடுத்து வைத்தார். "ஒரு துரும்பைக்கூடத் தொடாதீங்க. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்" என்று நான் கத்திய கத்தலில் அந்தம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்களே, ஆனால் அது கோபம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை நேற்று யாரோ ஒரு அம்மாவிடம் சொன்னேன்.

சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் என் அறைக்கு நீங்கள் முதல் தடவை வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஸ்கூட்டரை நடைபாதை மேலேயே ஏற்றி நிறுத்திவிட்டு, கழுத்தில் போட்ட துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, பாலிசிக் கட்டை மேஜை மேல் போட்டீர்கள். "இத்த படிச்சி சொல்லும்மா. இன்னா எழுதிக்கீறானுங்கோன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான். ஏஜெண்ட கேட்டா, பர்வாலேது மேடம், கையெழுத்து போடுங்கன்றான்." உங்கள் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆலையை நீங்களே நடத்த ஆரம்பித்திருந்தீர்கள்.

அக்கா, இன்சூரன்ஸ் வழக்குக்கென்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் எரிந்த பிறகு வருகிறவர்கள். வெள்ளம் வந்து போன பிறகு, லாரி கவிழ்ந்த பிறகு, கம்பெனி முடியாது என்று கடிதம் போட்ட பிறகு. எதுவும் நடக்காதபோதே பாலிசியைப் படிக்க வந்த ஒரே ஆள் நீங்கள்தான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நிபந்தனை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவிலேயே உங்களுக்கு அலுத்துவிட்டது. "இத்தினி ரூலு நெனப்புல வெச்சிக்கினு நான் எப்போ மாங்கா அரைக்கறது?" என்றீர்கள். நான் பெரிய மனுஷி மாதிரி சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னேன். "நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம்க்கா. ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க. மத்தது நான் சொல்றேன்."

அதை நீங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். மின்சார ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் போடுவதானாலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டீர்கள். முதல் வருஷம் என்னை "வக்கீலம்மா, நீங்க" என்று கூப்பிட்டீர்கள். அப்புறம் "நீ" ஆயிற்று. அப்புறம் சீசன் முடிந்ததும் கூழ் டின்னும் மாங்காய் ஊறுகாயும் வீடு தேடி வந்தன. என் அம்மாவுக்குப் பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று தினமும் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

தீ பிடித்த அன்று நான் திருமலையில் இருந்தேன். தம்பி குழந்தைக்கு மொட்டை. தரிசன வரிசைக்கு முன்னால் செல்போனை ஒப்படைக்கும் கவுண்டரில் நிற்கிறேன், பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், குழந்தை வீரிட்டு அழுகிறது. அப்போது உங்கள் போன் வந்தது. விடியற்காலையில் மின்சார பேனல் போர்டில் பொறி கிளம்பி பேக்கிங் ஹால் முழுக்க எரிந்துவிட்டது என்றீர்கள். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். உங்கள் குரல் பதறவே இல்லை.

"நாளிக்கி அமாவாசம்மா. பொம்பளைங்க எல்லாம் வாசல்லயே நின்னுக்கினு, கடகக்குண்டா லோபலிக்கி ராமுன்னு சொல்லிக்கினு கீறாங்க. சாம்பலோட அமாவாச தாண்டக்கூடாதாம். கழுவித் தள்ளிடலாமா? பழம் வேற லாரியில வந்து நிக்கிது."

கழுவாமல் உள்ளே வரமாட்டோம் என்று அந்தத் தெலுங்குப் பெண்கள் நிற்பது எனக்கும் புரிந்தது. எரிந்த இடத்தைக் கூட்டி, சாணித் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் தெளித்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுத்தான் நம் பக்கத்தில் யாரும் மறுபடி அடுப்பு பற்ற வைப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த நகரிப் பக்கத்திலும் அதேதான். கம்பெனி ஆள் வந்து பார்க்கும் முன்னால் எரிந்ததை அப்புறப்படுத்தக் கூடாது என்பது அந்தப் பாலிசியில் இருந்தது. உங்களுக்கு நானே வாய்விட்டுப் படித்துக் காட்டிய வரி. கவுண்டர்க்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னேன்: "சரிக்கா, பண்ணிக்கோங்க. சாமி பாத்துட்டு வந்து பேசறேன்."

போனைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் அக்கா. ஒரு போட்டோ எடுத்து வையுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான் வந்து பார்த்தபோது ஹால் பளிச்சென்று இருந்தது. தரையில் மஞ்சள் தண்ணீர் காய்ந்திருந்தது, அதையும் மீறி அந்த நனைந்த கரி வாடை சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. கருகிய பேனல் பெட்டியைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போயிருந்தான். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "இன்னாம்மா, தப்பா பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் சர்வேயர் வந்தார். சுத்தமான தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியின் கடிதம் வந்தது. தீக்குக் காரணம் தெரியவில்லை, தடயங்கள் வேண்டுமென்றே அகற்றப்பட்டதாகச் சந்தேகம் எழுகிறது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. வேண்டுமென்றே என்ற வார்த்தையை நீங்கள் இரண்டு தடவை படிக்கச் சொன்னீர்கள். "அப்போ நானே கொளுத்திக்கினேன்னு சொல்றானா?" என்றீர்கள். உங்கள் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு நான் வேலை செய்தது போல என் வாழ்நாளில் எந்த வழக்குக்கும் செய்ததில்லை. உங்கள் மேல் இருந்த அன்பு என்று நீங்கள் நினைத்தீர்கள். பயம் அக்கா. தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையை வாங்கினேன். அந்த வாரம் மின்னழுத்தம் ஏறி இறங்கியது என்று மின்வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வாங்க ஐந்து தடவை படியேறினேன். கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டேன். அவர்கள் பதில் போடாததையும் ஒரு ஆதாரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு நாம் இருவரும் உங்கள் ஸ்கூட்டரில் அந்த பேனல் பெட்டியைத் தேடிப் புறப்பட்டோம்.

சித்தூரில் எத்தனை பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் கறுப்புக் கோட்டோடு பின்னால் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு கடையிலும் நீங்கள் இறங்கிப்போய், தொலைந்த மாட்டைத் தேடுகிறவர் மாதிரி, பச்சைப் பெயிண்ட், மூலையில் ஒரு லட்சுமி ஸ்டிக்கர், பார்த்தீர்களா என்று விசாரித்தீர்கள். ஏழாவதோ எட்டாவதோ கடையில் குவியலுக்கு அடியில் அது கிடந்தது. கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே எடைக்குப் போட்டுட்டு நீங்களே திரும்பி வந்து கேக்கறீங்க. இதுல இன்னாமா தங்கமா கீது?" என்றார். "தங்கமில்லப்பா, என் மானம் கீது" என்றீர்கள். கதவைத் திறந்தால் உள்ளே செம்புக் கம்பிகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. தீ அங்கேதான் தொடங்கியது என்று எந்த எஞ்சினியரும் சொல்லிவிடுவார். கறுப்புக் கோட்டைப் பற்றி நினைக்காமல் உங்களைக் கட்டிக்கொண்டேன். அன்று இருவரும் ரோட்டோரம் நின்று வயிறு நிறைய இட்லி தின்றோம்.

அந்தச் சந்தோஷத்தில் வழக்கு போட்டோம். அப்புறம்தான் கம்பெனி வக்கீலின் கேள்வித்தாள் வந்தது. நுகர்வோர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்பது குறைவு. கேள்விகளை எழுதிக் கொடுப்பார்கள், பதிலைச் சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கேள்வி. ஏழாவது இது: எரிந்த பொருட்களை அகற்றும் முன் நீங்கள் யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா?

உண்மையை எழுதியிருந்தால் உங்களுக்கு நல்லது. ஒளிக்க நினைத்த பெண் வக்கீலுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்க மாட்டாள் என்று ஒரே வரியில் வாதிட்டிருக்கலாம். ஆனால் அதை எழுதினால் நான் சாட்சி ஆகிறேன், சாட்சியே வக்கீலாக நிற்க முடியாது, வழக்கை விட்டு விலக வேண்டும். சித்தூர் வக்கீல் சங்கம் முழுக்க, இன்சூரன்ஸ் கேஸுக்கென்றே பேர் வாங்கியவள் இப்படி ஒரு யோசனை சொன்னாளாம் என்று பேசும். முதல் ஆறு கேள்விக்கும் பதில் தட்டச்சு செய்துவிட்டு ஏழாவதில் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"யாரையும் கேக்கலன்னு எழுது" என்றீர்கள், தலையை நிமிர்த்தாமலேயே.

"அக்கா, அது..."

"எழுதுமா. நீ இந்த கேஸ்ல இல்லன்னா யாரு இத்த இழுத்துக்கினு போறது? வேற வக்கீலுக்கு ஆரம்பத்துலருந்து கதை சொல்ல என்னால ஆவாது. நானேதான் பண்ணேன். யாரையும் கேக்கல."

வேண்டாம் என்று நான் சொன்னேனா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது. விரல்கள் அதற்குள் தட்டச்சு செய்துவிட்டன. நோட்டரி முன்னால் நீங்கள் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டீர்கள். சொன்னது எல்லாம் உண்மையா என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாய்தா முடிந்து வரும்போது வழக்கம் போலக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் பக்கம் வண்டியைத் திருப்பினீர்கள். கோயிலுக்கு எதிரே தேங்காய் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ட்டு வா. நான் இங்கியே கீறேன்" என்றீர்கள். கால் வலியா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். நம் பக்கத்தில் வழக்கு என்றால் பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போவார்கள், பாதிப் பேர் அந்தப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று கேட்டுத்தான் இருவரும் வளர்ந்தோம். "அக்கா, அது இங்க சத்தியம் பண்றவங்களுக்கு. நீங்க நோட்டரி ஆபீஸ்லதான கையெழுத்து போட்டீங்க" என்று சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்கார வக்கீல் பாருங்கள்.

"எங்க சொன்னா இன்னாம்மா" என்றீர்கள். கோபமாகக்கூட இல்லை.

நான் உள்ளே போய்க் கும்பிட்டு வந்தேன். பொய் உங்களுடையது, அதன் பலன் என்னுடையது. உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் போய் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினாலும் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, முந்தானையை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. வாய்தா மேல் வாய்தா போனது. ஆலையில் பாதி ஹாலில்தான் வேலை நடந்தது. இந்த வருஷம் மாங்காய் வரத்து ஆரம்பித்த வாரத்தில் நெஞ்சு வலி என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் வந்து பார்த்தபோது மூக்கில் குழாயோடு கையை அசைத்து, "துன்னியா?" என்று கேட்டீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

தீர்ப்பு போன மாதம் வந்தது. நாம் ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டும். தீ மின்கசிவால்தான், கம்பெனி நிராகரித்தது தவறு என்று எழுதியிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பெட்டியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு பத்தி. புகார்தாரர் தாமே ஒப்புக்கொண்டபடி எவரையும் கலந்தாலோசிக்காமல் அலட்சியமாகத் தடயங்களை அகற்றியதால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறைக்கப்படுகிறது. அலட்சியமாக. என்னைக் கேட்காமல் மின்சார ஆபீஸ் காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போடாத உங்களைப் போய் அப்படி எழுதிவிட்டார்கள்.

உங்கள் மகள் கவிதா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்கம்மா உங்கள கேக்காம ஒண்ணுமே பண்ண மாட்டாங்களே ஆன்ட்டி. அன்னிக்கி மட்டும் ஏன் கேக்கல?" என்றாள். அவள் கண் அப்படியே உங்கள் கண். "நான் திருமலைல இருந்தேன்மா. போன் கிடைச்சிருக்காது" என்றேன். மேல்முறையீட்டுக்கு ஆக வேண்டியதைப் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று முதல் காலையில் போன் மணி அடித்தால் எனக்கு வியர்த்துவிடுகிறது. எடுத்தால் வேறு யாரோ பேசுவார்கள். நான் நீங்கள் கேட்பதையே கேட்டுக்கொண்டிருப்பேன். கழுவித் தள்ளிடலாமா? கழுவித் தள்ளிடலாமா?

நேற்று அந்தக் கிடங்கிலிருந்து வீட்டுக்குப் போக முடியவில்லை. நேராக ஆலைக்குப் போனேன். கவிதா லாரிக்காரனிடம் எடைச்சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ் அறையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கவுண்டர், குழந்தையின் அழுகை, பண்ணிக்கோங்க என்று நான் சொன்னது, ஏழாவது கேள்வி, நிலக்கடலை. ஒன்றையும் விடவில்லை. வெளியே அரைவை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நான் வக்கீலாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கட்சிக்காரர் என்னிடம் பேசியதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை, வாரிசு அனுமதித்தால்தான் முடியும். அனுமதித்தால் மேல்முறையீட்டில் நானே என் பெயரில் பிரமாண வாக்குமூலம் கொடுப்பேன், யோசனை சொன்னது நான் என்று. கோர்ட் அதை ஏற்குமா என்பது தெரியாது. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அலட்சியம் உங்களுடையது இல்லை என்பது காகிதத்தில் ஏறிவிடும். ஆனால் இன்னொன்றும் ஏறும். நீங்கள் சத்தியம் செய்து எழுதிய பதில் பொய் என்று. "உங்கம்மா இப்ப அலட்சியக்காரின்னு இருக்காங்க. நான் உண்மையைச் சொன்னா பொய் சொன்னவங்கன்னு ஆவாங்க. ரெண்டுல ஒண்ணுதான்மா. எதுன்னு நீதான் சொல்லணும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு நிமிஷம் நிதானமாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்த இரண்டு பெயருமே வந்திருக்காது.

கவிதா சுவரில் மாட்டியிருந்த உங்கள் படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் எழுந்து, மேஜை மேல் இருந்த தீர்ப்பு நகலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எங்கம்மா அலட்சியக்காரி இல்ல ஆன்ட்டி. உங்களுக்காக பொய் சொன்னாங்க. அப்டியே எழுதுங்க."

வாசல் வரைக்கும் வந்தவள், இனிமேல் வேறு வக்கீல் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். சரி என்றேன்.

இன்று காலை எழுதிவிட்டேன் அக்கா. நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே நோட்டரியிடம்தான் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இது உங்க பேர்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். என் பேரில்தான் என்றேன். சொன்னது எல்லாம் உண்மை என்று தலையை ஆட்டினேன். வெளியே வந்தபோது பாரம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்பதை நான்தான் உலகத்துக்குச் சொன்னேன். உங்களிடம் மட்டும், வேண்டாம் அக்கா, உண்மையையே எழுதுவோம் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் என்னிடமே இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.